வாதம் வந்த பெரியவருக்கு மனசும் விழுந்திருக்கிறதா? வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் அப்பா நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக் கணக்கை நீள நோட்டில் தினமும் எழுதுவார். பால் எவ்வளவு, கீரை எவ்வளவு, மருந்துக்கடைக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். 72 வயதில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, நோட்டும் நின்றுபோனது. கை வராததால் எழுதவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் பால்காரர் வந்தாரா என்று கேட்பதைக்கூட அவர் விட்டிருந்தார். கேட்பதற்குக் கை தேவையில்லையே. அது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பியிடம் "நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நாங்கள் அதட்டினோம், கெஞ்சினோம், "முயற்சி பண்ணாம இருந்தா எப்படிப்பா எழுந்து நடப்பீங்க" என்று பாடம் எடுத்தோம். இப்படியே மூன்று மாதம் போயிற்று. கடைசியில் அந்தத் தம்பிதான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அக்கா, அப்பாவுக்குக் கால்ல பலம் வந்துடுச்சு. மனசுலதான் வரல. மனநல டாக்டரை ஒரு தடவை பாத்துடுங்க." மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு, எண்ணெய் எல்லாம் இருந்தன. மனசைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அந்த மூன்று மாதம் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எதைக் கவனிப்பது, யாரிடம் என்ன கேட்பது என்பதைச் சொல்ல முடியும். மாத்திரையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்.

படி 1: இரண்டுக்கும் என்ன உறவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய் வருகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது. முதல் ஒரு வருடத்தில் ஆபத்து அதிகம். அதனால் "வந்து ஆறு மாசம் ஆச்சு, இனிமே என்ன" என்று அசந்துவிட முடியாது.

ஏன் வருகிறது என்று கேட்டால், "கை கால் விழுந்தா யாருக்குத்தான் கவலை இருக்காது" என்பார்கள். அது பாதி உண்மைதான். நேற்று வரை தானே குளித்தவரை இன்று மருமகள் துடைத்துவிடுகிறாள் என்றால் மனசு உடையத்தான் செய்யும். மீதிப் பாதி மூளைக்குள் நடக்கிறது. மனநிலையையும் ஆர்வத்தையும் சீராக வைத்திருக்கும் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்களைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் மூளைத் தண்டில் கிளம்பி முன்மூளை வரை போகின்றன. ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ அந்தப் பாதை கெட்டுப்போனால், ரசாயனம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. அடிபட்ட இடத்தைச் சுற்றி எழும் அழற்சியும் இதில் சேர்ந்துகொள்கிறது. காயம் பட்ட அதே உறுப்புதான் மனசையும் நடத்துகிறது. அதனால்தான் "மனசைத் தேத்திக்கோங்க" என்ற அறிவுரை வேலை செய்வதில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: மூளையின் இடது பக்கம் அடிபட்டால் மட்டும்தான் மனச்சோர்வு வரும் என்று. ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே அப்படி நினைத்தார்கள். 2000-ல் லான்செட் மருத்துவ இதழில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த தொகுப்பாய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் அடிபட்டிருந்தாலும் கவனிக்க வேண்டும்.

உறவு எதிர்த் திசையிலும் உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2011-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 28 ஆய்வுகளிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. மனம் சோர்ந்தவர் நடைப்பயிற்சியை விடுவார், பிரஷர் மாத்திரையைத் தவறவிடுவார், பீடியைத் திரும்ப எடுப்பார். அது போக, மனச்சோர்வு நீண்ட நாள் இருந்தால் உடம்பில் அழுத்த ஹார்மோன்களும் அழற்சியும் கூடுவது உண்டு.

இன்னொரு வகையும் இருக்கிறது, முதியவர் இருக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். பல வருடப் பிரஷராலும் சர்க்கரையாலும் மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போய், வெளியே வாதம் எதுவும் தெரியாமலேயே மனச்சோர்வு வருவது. 1990-களின் கடைசியிலிருந்து மருத்துவர்கள் இதை ரத்தக்குழாய் சார்ந்த மனச்சோர்வு என்று தனியாகப் பேசி வருகிறார்கள். இதில் அழுகையும் குற்ற உணர்வும் குறைவு. மந்தம், எதையும் ஆரம்பிக்க முடியாமை, திட்டமிட முடியாமை ஆகியவை அதிகம். வாழ்நாளில் ஒருமுறைகூட மனச்சோர்வு வராதவர் 65 வயதுக்கு மேல் முதல்முறையாகச் சோர்ந்தால், மனநல டாக்டரைப் பார்க்கிற அதே வாரத்தில் பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: மனச்சோர்வு போலத் தெரியும் மற்றவற்றைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் வீடுகளில் அதிகம் குழம்புகிறார்கள். நாங்களும் குழம்பினோம்.

முதலாவது, அடக்க முடியாத அழுகை. பேரன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினான் என்று சொன்னால்கூடப் பெரியவர் தேம்பித் தேம்பி அழுவார். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும், அப்புறம் சாதாரணமாகக் காபி கேட்பார். சிலருக்கு இடம் தெரியாமல் சிரிப்பு வரும். உணர்ச்சியை வெளிக்காட்டும் நரம்புப் பாதையின் கட்டுப்பாடு தளர்ந்துபோவதால் வருவது இது. உள்ளே அவ்வளவு துக்கம் இல்லாமலும் வரும். பக்கவாதத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கும். இதற்கும் மருந்து உண்டு. அழும்போது சுற்றி நின்று "ஏன் அழறீங்க" என்று கேட்காதீர்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டாவது, பற்றற்ற மந்தம். துக்கம் இல்லை, அழுகை இல்லை, கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஆனால் எதையும் தானாகத் தொடங்க மாட்டார். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். மனச்சோர்வோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும். தனியாக இருந்தால் மனச்சோர்வு மாத்திரைக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. அதனால் டாக்டரிடம் சொல்லும்போது "சோகமா இருக்கார்", "எதுலயும் இஷ்டமில்லாம இருக்கார்" இரண்டில் எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது அவசரமானது. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் மந்தமாகி, அரைத் தூக்கத்தில் இருந்து, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால் அது மனச்சோர்வு கிடையாது. மனச்சோர்வு ஒரே ராத்திரியில் அப்படி வராது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்பு குறைவது, சர்க்கரை இறங்குவது, இல்லை இன்னொரு பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். முகம் கோணுவதோ, கை தொங்குவதோ, பேச்சு குழறுவதோ புதிதாகத் தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கான நேரம் பொதுவாக முதல் நாலரை மணி நேரம்தான்.

களைப்பு நான்காவது. பக்கவாதத்துக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினாலே சிலர் அசந்துபோவார்கள். ஓய்வெடுத்துவிட்டு வந்தால் ஆர்வம் திரும்புகிறது என்றால் அது களைப்பு. தூங்கி எழுந்த பிறகும் "எதுக்கு இதெல்லாம்" என்றால் மனசைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 3: இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்

சாதாரண மனக்கஷ்டத்துக்கும் நோய்க்கும் டாக்டர்கள் வைக்கும் கோடு இரண்டு வாரம். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், சோகமோ எதிலும் விருப்பமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நோயாகப் பார்க்க வேண்டும்.

காலண்டர் தாளின் பின்பக்கமே போதும். தினமும் மூன்று நான்கு வரி எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு விழித்தார்? விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? எத்தனை இட்லி சாப்பிட்டார்? பயிற்சி செய்தாரா, மறுத்தாரா? முன்பு பிடித்த ஒன்றை இன்று வேண்டாம் என்றாரா? தன்னைப் பற்றி என்ன சொன்னார்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன்." "எமனுக்கு என் அட்ரஸ் தெரியல போல." நம் வீட்டுப் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது குறைவு. "உடம்பு கனமா இருக்கு", "நெஞ்சு அடைக்குது", "வயிறு சரியில்ல" என்றுதான் வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தூக்கமின்மை, பசியின்மை, அசதி, மந்தமான நடை எல்லாம் பக்கவாதத்தாலும் வரும். விழுங்கச் சிரமமாக இருப்பவர் குறைவாகச் சாப்பிடுவது மனசால் ஆனதாக இருக்க வேண்டியதில்லை. அதனால் உடம்பு அறிகுறிகளைவிட மனசு அறிகுறிகளுக்கு அதிக எடை கொடுங்கள். விருப்பம் போவது, நம்பிக்கை போவது, தன்னையே குற்றம் சொல்வது, யாரையும் பார்க்கப் பிடிக்காமை. முதியவர்களுக்கென்றே உள்ள 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோலில் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். உடம்பு அறிகுறிகளைக் கூடியவரை ஒதுக்கிவிட்டுத்தான் அதைத் தயாரித்திருக்கிறார்கள். டாக்டரிடம் அதைக் கேட்கலாம்.

பேச்சு போனவர்களிடம் கேள்வி கேட்க முடியாது. அவர்களுக்குப் பார்ப்பதுதான் வழி. கண்ணைப் பார்த்துப் பேசுவதைத் தவிர்க்கிறாரா, காரணமில்லாமல் அழுகிறாரா, பேரப்பிள்ளை வந்தால் முகம் மலர்கிறதா, கையைப் பிடித்தால் உதறுகிறாரா? இப்படிப் பார்த்துக்கொள்பவர் கவனித்ததை வைத்து மதிப்பிடும் கேள்வித்தாள்களும் டாக்டர்களிடம் உண்டு. உங்கள் காலண்டர் தாளுக்கு அங்கே நிஜமான மதிப்பு இருக்கிறது.

படி 4: நேராகக் கேளுங்கள், சாவைப் பற்றியும்

டாக்டர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும், இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதிக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. இதை வீட்டில் நீங்களே கேட்கலாம். சாயங்காலம், டிவியை அணைத்துவிட்டு, யாரும் சுற்றி நிற்காத நேரத்தில் கேளுங்கள். மகனிடம் சொல்லாததை மகளிடமும், மகளிடம் சொல்லாததைப் பழைய சிநேகிதரிடமும் சொல்பவர்கள் உண்டு.

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுவார்கள். அப்படி ஆகாது. கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்கும். "சாமி கூப்பிட்டா நல்லாருக்கும்னு சொன்னீங்களே, நீங்களா ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். எண்பது வயதில் "போதும் வாழ்ந்தது" என்று நிதானமாகச் சொல்வதும் "நான் போயிட்டா உங்களுக்கு நிம்மதி" என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டால் சும்மா விடாதீர்கள். மாத்திரையைச் சேர்த்து வைப்பது, சாப்பாட்டையும் மருந்தையும் திட்டமிட்டு மறுப்பது, நகை நட்டைப் பிரித்துக் கொடுக்க அவசரப்படுவது ஆகியவையும் எச்சரிக்கைகள்.

அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஆளைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி, மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் மாத்திரைகளை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள், முடியாவிட்டால் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

படி 5: டாக்டரிடம் போகும்போது

யாரிடம் போவது? பக்கவாதத்துக்குப் பார்த்த நரம்பியல் டாக்டரிடமே ஆரம்பிக்கலாம். பலர் தாங்களே மருந்து தொடங்குவார்கள், இல்லையென்றால் மனநல டாக்டருக்குச் சீட்டு கொடுப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, அங்கே மருந்து இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையமும் இருக்கின்றன. படுக்கையை விட்டு நகர முடியாதவர் என்றால் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்து வையுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். வருகிற ஊழியரிடம் மனசைப் பற்றியும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் "அதுக்குப் பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று ஒரு சொந்தம் கேட்டது. அம்மாதான் பதில் சொன்னாள்: "தலையில அடிபட்டதுக்குத் தலை டாக்டரைப் பாக்குறோம். உனக்கென்ன?" அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

எடுத்துப்போக வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், நீங்கள் எழுதிய குறிப்பு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். பெயர் எழுதிப் போகாமல் அட்டைகளையே பையில் போட்டுக்கொள்ளுங்கள். சித்த மருந்து, லேகியம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். வலிப்புக்காகக் கொடுக்கப்படும் லெவிடிராசிடாம் மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் உண்டாக்கும். மாத்திரையை மாற்றினாலே பாதி சரியாகிவிடுவதும் உண்டு.

தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகை, சோடியம் (ரத்தத்தில் உள்ள உப்பு) ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும் மனச்சோர்வு போலவே வேஷம் போடும். பயங்கரமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களிடம் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது அதிகம், பகல் சோர்வுக்கு அது ஒரு காரணம்.

படி 6: மாத்திரை பற்றித் தெரிந்துவைக்க வேண்டியவை

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் முதலில் கொடுப்பார்கள். முதியவர்களுக்குக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவது வழக்கம். தலைவலி மாத்திரை போல அன்றைக்கே கேட்காது. மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். பத்தாவது நாள் "ஒண்ணும் வேலை செய்யல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கெடுதல் வரும்.

மூன்று விஷயங்களை நீங்கள் கண்காணிக்க வேண்டும். ஒன்று, சோடியம். இந்த மாத்திரைகள் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். தொடங்கிய முதல் சில வாரங்களில் குழப்பம், அதிகத் தூக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். இரண்டு, ரத்தக் கசிவு. பக்கவாதம் வந்தவர் ஏற்கெனவே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் அல்லது ரத்தத்தை இளக்கும் வேறு மாத்திரை சாப்பிடுவார். இதுவும் சேரும்போது வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு சற்றுக் கூடும். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் காத்திருக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூன்று, விழுவது. ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், கைப்பிடி போடுங்கள்.

"மனச்சோர்வு வராமல் இருக்க எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். பிரிட்டனில் 3,127 பக்கவாத நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஃபோகஸ் என்ற அந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஆறு மாதம் ஃப்ளூவாக்ஸெடின் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக வந்தது (13 சதவீதம், மற்றவர்களிடம் கிட்டத்தட்ட 17). ஆனால் எலும்பு முறிவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது, கை கால் மீள்வதிலும் பயன் தெரியவில்லை. அதனால் எல்லோருக்கும் தடுப்பு மருந்தாகக் கொடுப்பதில்லை. நோய் வந்தவருக்கு மருந்து நல்லது, வராதவருக்குக் கவனிப்பு போதும்.

தூங்கவில்லை என்று மருந்துக்கடையில் அல்பிரசோலம் வாங்கிக் கொடுப்பது நம் ஊரில் சகஜம். தயவுசெய்து வேண்டாம். அது சோர்வைக் குணப்படுத்தாது. விழுவதையும் மறதியையும் கூட்டும், பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

படி 7: நாளைத் திரும்பக் கட்டுங்கள்

மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும். பேச்சுவழிச் சிகிச்சையும் பலன் தருகிறது. மனநல ஆலோசகர் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டாலும், அவர்கள் செய்வதில் ஒரு பகுதியை வீட்டிலேயே செய்யலாம். அதன் தத்துவம் எளிது. உற்சாகம் வந்தால் செய்வேன் என்று காத்திருந்தால் உற்சாகம் வராது. சின்னதாக ஒன்றைச் செய்தால் கொஞ்சம் உற்சாகம் வரும், அது அடுத்ததற்கு இழுத்துப் போகும்.

முதலில், வாதத்துக்கு முன் அவர் யாராக இருந்தார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். தோட்டக்காரரா, சமையல்காரரா, டீக்கடைப் பெஞ்சில் அரசியல் பேசுபவரா, காலையில் கோயில் மணி அடித்ததும் கிளம்புபவரா? அதிலிருந்து ஒன்றை எடுத்து, இப்போது இருக்கும் உடம்புக்கு முடிகிற அளவுக்கு வெட்டுங்கள். வெட்டியது போதவில்லை, இன்னும் வெட்டுங்கள். தோசை சுட்டவருக்கு மாவில் உப்பு சரியா என்று பார்க்கும் வேலை. தோட்டக்காரருக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு தொட்டிக்குத் தண்ணீர். தோற்காத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

அப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். மருந்து தொடங்கி மூன்றாவது வாரம், பிசியோதெரபிஸ்ட் தம்பி ஒரு காரியம் செய்தார். நோட்டை எடுத்து, பேனாவின் மேல் துணியைச் சுற்றித் தடிமனாக்கி, அப்பாவின் இடது கையில் வைத்தார். "ஐயா, இன்னைக்குப் பால் மட்டும் எழுதுங்க." அப்பா எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. நான்காவது நாள் சாயங்காலம் நோட்டைத் திறந்து பார்த்தால், கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல "பால் 30" என்று இருந்தது. பால் விலை அதற்குள் ஏறியிருந்தது, 30 என்பது பழைய விலை. அம்மா திருத்தப் போனாள். நான் தடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே அம்மாவிடம் "பாலு என்ன வெல?" என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நேரம் முக்கியம். சிலருக்குக் காலையில்தான் மனச்சோர்வு அழுத்தும், அப்போது பயிற்சிக்கு இழுக்காதீர்கள், பத்து மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு நேரம் வெளிக்காற்று, வெயில், தெரு. சக்கர நாற்காலியில் வாசல் வரை என்றாலும் சரி. வாரத்தில் ஒருவராவது வெளியிலிருந்து வரட்டும். ஆனால் வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: படுக்கையைச் சுற்றி நின்று "பாவம், எப்படி இருந்த மனுஷன்" என்று பேசக் கூடாது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். பேச்சு வராதவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று நினைத்து, அவர் முன்னாலேயே ஆஸ்பத்திரிச் செலவைப் பேசுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன முடிவுகளை அவரிடமே விடுங்கள். நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா? இட்லியா, உப்புமாவா? குளிப்பது இப்போதா, அரை மணி கழித்தா? டயாப்பர் மாற்றும்போது கதவைச் சாத்துங்கள், ஒரு துண்டாவது மேலே போடுங்கள். இதைவிடப் பெரிய சிகிச்சை இல்லை என்றுகூடச் சில நாள் எனக்குத் தோன்றும்.

படி 8: பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள்

பெரும்பாலும் இது மனைவி, மகள், மருமகள். அவர்களுக்கும் முதுகு வலி, தூக்கமின்மை, பிரஷர் இருக்கும். பார்த்துக்கொள்பவருக்கு மனச்சோர்வு வந்தால் நோயாளியின் மனச்சோர்வும் நீடிக்கும். படி 4-ல் சொன்ன இரண்டு கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் அரை நாள் வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே போங்கள். வெளியூரில் இருக்கும் அண்ணன் பணம் மட்டும் அனுப்பினால் போதாது, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து இருக்கச் சொல்லுங்கள். கோபத்தில் அதட்டிவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதியோருக்கான உதவி எண் 14567, சட்டம், ஓய்வூதியம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள்.

படி 9: தேறிய பிறகும்

தேறுவது நேர்க்கோட்டில் நடக்காது. நல்ல வாரம், மோசமான வாரம் என்று மாறி மாறி வரும். பிசியோதெரபி நிறுத்தப்படும் நேரம், வாதம் வந்து ஒரு வருடம் ஆகும் தேதி, கூட வேலை பார்த்தவர் இறந்த செய்தி ஆகியவை திரும்பக் கீழே இழுக்கலாம். அப்போது காலண்டர் தாளை மறுபடி எடுங்கள்.

இரண்டாவது பக்கவாதத்தைத் தடுப்பதும் இந்த வழிகாட்டியில் சேர்த்திதான். பிரஷர் மாத்திரை தவறக் கூடாது, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், பீடி சிகரெட் கூடாது, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறைய வேண்டும். மனம் சோர்ந்தவர் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி வைத்துவிட்டு அப்புறம் துப்புவது உண்டு. விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். துப்புகிறார் என்று தெரிந்தால் திட்டாதீர்கள். அதையும் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரையைக் குறைக்கும் பேச்சு வரும்போது இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: எத்தனை வாரத்தில் எவ்வளவு குறைப்பது, எது தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? எங்களுக்கு டாக்டர் சொன்ன இரண்டாவது பதில், பழைய நோட்டின் அட்டையில் அம்மாவின் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது: "கணக்கு எழுதுறத நிறுத்தினா வாங்க."